கதவு கொண்டான்

ஜொகூர் மாசாயில் நான் பசியாறும் மாமாக் கடையில், சனிக்கிழமை காலைகளில் உலக விவகாரம் எதுவானாலும் ரொட்டி சானாய் ஆறுவதற்குள் தீர்ந்துவிடும். உக்ரேன் போரைக்கூட ஒருமுறை இரண்டு தே தாரிக்கில் முடித்துவைத்தோம். ஒரே ஒரு வழக்கு மட்டும் மூன்று சனிக்கிழமைகளுக்கு இழுத்தது. சம்பவம் நடந்த ஆண்டு 1025. ராஜேந்திர சோழன் கடல் தாண்டி வந்து கடாரத்தை, அதாவது இன்றைய கெடாவை, அடித்தது நியாயமா, இல்லையா?

வழக்கைத் தொடங்கிவைத்தது ஒரு சட்டை. எதிர்மேசைத் தம்பி போட்டிருந்த கறுப்பு டீ-சட்டையின் நெஞ்சில் புலிக்கொடி பறக்கும் கப்பல்; முதுகில் 'ஆண்ட பரம்பரை'. தம்பி திங்கள் முதல் வெள்ளிவரை விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். ஆண்ட பரம்பரை உட்லண்ட்ஸ் குடிநுழைவில் ஹெல்மெட்டைக் கழற்றி முகம் காட்டி நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

"அந்தக் காலத்துல நம்ம ஆளு கப்பல் எடுத்தா மலாக்கா நீரிணையே வழிவிடும்லா" என்றான் தம்பி.

"எதுக்கு எடுத்தாரு?" என்றார் கல்லாவில் இருந்த பாய், சில்லறை எண்ணிக்கொண்டே.

தம்பி கோப்பையைக் கீழே வைத்தான். பதில் வரவில்லை. அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் கேள்விக்கு ராஜேந்திரனே பதில் சொல்லவில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலில் 1030 வாக்கில் வெட்டிய மெய்க்கீர்த்தியைப் பாருங்கள். அலைகடலின் நடுவே கப்பல்கள் பலவற்றைச் செலுத்தினார், கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்க வர்மனை யானைப்படையோடு பிடித்தார், குவித்து வைத்திருந்த செல்வத்தை எடுத்தார் என்று கதை ஓடுகிறது. பிறகு வென்ற ஊர்களின் பட்டியல். ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், நக்கவாரம் என்று போய் கடாரத்தில் முடியும் 13 பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அடைமொழி. இந்த ஊரில் நீராடும் துறை உண்டு, அந்த ஊரில் மலைமேல் கோட்டை உண்டு, இன்னோர் ஊருக்கு ஆழ்கடலே அகழி, நக்கவாரத்தில் தேன் சொரியும் சோலை. நக்கவாரம் என்றால் இன்றைய நிக்கோபார். போர் அறிக்கையா, சுற்றுலாத் துறையின் துண்டுப் பிரசுரமா என்று சந்தேகம் வரும். எல்லாம் இருக்கிறது. 'ஏன் போனோம்' என்பதற்கு மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

கொள்ளைப் பொருள்களின் விவரம் இன்னும் சுவாரசியம். வித்தியாதர தோரணம் என்ற வாயில், அணிமணி பதித்த சிறுகதவு, கனமணி பதித்த பெருங்கதவு. தங்கமும் வெள்ளியும் எல்லா அரசர்களும் எடுப்பார்கள். நம்மவர் வாசலை எடுத்திருக்கிறார். கையோடு கதவையும் கழற்றியிருக்கிறார். ஆயிரத்துச் சொச்சம் மைல் கடல் கடந்து போய்க் கதவைக் கழற்றுகிறவன், வரும்போதே ஆசாரிகளையும் அழைத்து வந்திருக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை எதிர்த்தரப்பு ஒரு செப்பேட்டோடு வந்தது. செப்பேடு பாயின் கைப்பேசியில் இருந்தது.

சண்டைக்குச் சுமார் 20 ஆண்டு முன்னால், அதாவது 1006 வாக்கில், இரு வீட்டுக்கும் நல்ல உறவு. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்று தன் தகப்பன் பெயரால் ஒரு பௌத்தப் பள்ளி கட்டினான். அதன் செலவுக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதிவைத்தான். அப்பன் வாய்மொழியாகக் கொடுத்ததைச் செப்பேட்டில் பொறித்து உறுதிசெய்தவர் யார் தெரியுமா? சாட்சாத் ராஜேந்திரனேதான். மொய் எழுதிய கையோடு மொய் வாங்கியவன் வீட்டுக் கதவைக் கழற்றிய ஒரே பிரமுகர் அவராகத்தான் இருப்பார். அந்தச் செப்பேடும் பிற்காலத்தில் ஹாலந்துக்குப் போய், ஊரும் பேரும் மாறி 'லெய்டன் செப்பேடு' ஆனது. எடுத்தவன் வீட்டிலும் எடுப்பார்கள்.

சோழர் தரப்புக்கு வக்கீல், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி வாத்தியார். வரலாற்று ஆசிரியர்கள் சொல்லிவைத்த வாதங்களை விரல்விட்டு எண்ணினார்.

வாதம் ஒன்று: "கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீவிஜயம் வழிமறிப்புக் கூட்டம்யா. சீனாவுக்குப் போற கப்பல் எல்லாம் இந்த நீரிணை வழியாத்தான் போயாகணும். துறைமுகத்துல நிக்காம போனா அடிப்பான். நம்ம வியாபாரிங்க எவ்வளவு நாள் பொறுப்பாங்க?"

இதில் உண்மை இல்லாமல் இல்லை. 1225இல் ஜாவ் ருகுவா என்ற சீனச் சுங்க அதிகாரியும் ஏறக்குறைய இதையேதான் எழுதி வைத்தார்: நிற்காமல் போகும் கப்பலை ஸ்ரீவிஜயத்தார் படகு எடுத்து வந்து தாக்குவார்கள். ஆனால் அது 200 ஆண்டுக்குப் பிந்திய சாட்சி. தவிர, சுங்கம் அதிகம் என்பது படையெடுக்கக் காரணமானால், டோல் ஏறும்போதெல்லாம் ஜொகூர்க்காரர்கள் சிங்கப்பூரைப் பிடித்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் நம்மைப் பிடித்திருக்க வேண்டும். இரு தரப்பும் இன்றுவரை ஹார்ன் அடித்துத்தான் தீர்த்துக்கொள்கிறோம்.

வாதம் இரண்டு: மரியாதை. 1015இல் சோழத் தூதர்கள் சீனத்துச் சோங் அரசவைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சீனப் பதிவின்படி வழிப்பயணத்துக்கு 1,150 நாள். மூன்று வருஷத்துக்கு மேல்! இடையில் ஸ்ரீவிஜயத்தார் "சோழனா? நம்ம கையாள்தான்" என்று சீனன் காதில் ஓதிவிட்டார்கள் என்பது ஊகம். கௌரவப் பிரச்சினை, கப்பல் எடுத்தாயிற்று.

சரி, அடித்த பிறகாவது மரியாதை கிடைத்ததா? அதைக் கேட்டால் வயிறு எரியும். 1106இல், அதாவது வெற்றிக்கு 81 ஆண்டு கழித்து, பர்மாவின் பாகான் தூதர்கள் சீனா போனார்கள். சோழத் தூதருக்குச் செய்த அளவு மரியாதை செய்யுங்கள் என்றார் பேரரசர். சடங்குத் துறை அதிகாரி எழுந்து ஆட்சேபம் சொன்னார்: சோழ நாடு ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கியது, அவர்களுக்குப் போன முறை முரட்டுத் தாளில் எழுதிச் சாதாரணத் துணியில் சுற்றி அனுப்பினோம், அதுவே போதுமாக இருந்தது, பாகான் பெரிய நாடு, அதற்கு அது ஆகாது.

அவ்வளவு கப்பல், அவ்வளவு யானை, 13 ஊர். எல்லாம் முடிந்தும் சீன அலுவலகக் கோப்பில் ஒரு வரி திருந்தவில்லை. ஒரு குமாஸ்தாவை மட்டும் எந்தச் சாம்ராஜ்யமும் வென்றதில்லை என்று பாய் தீர்ப்புச் சொன்னார். கடை லைசென்சைப் புதுப்பிக்க நடந்து கால் தேய்ந்தவர் அவர்.

வாதம் மூன்று: "திக்விஜயம். நாலு திசையும் போய் ஜெயிக்கிறது ராஜ தர்மம். அந்தக் காலத்துல எல்லாருமே அப்படித்தான்."

இதைத்தான் ஜார்ஜ் ஸ்பென்சர் என்ற அமெரிக்க ஆய்வாளர் வேறு மாதிரி சொன்னார். வீட்டில் கோயில் கட்டவும் படைக்குப் படியளக்கவும் காசு வேண்டும். அதைப் பக்கத்து நாட்டில் எடுத்து வருவது. அதன் பெயர் திக்விஜயம். அண்டை நாட்டை ஆண்டார்களா என்றால் அதுவும் இல்லை. கடாரத்தில் நிலைத்து நிர்வாகம் நடத்தியதற்குச் சான்று கிடைக்கவில்லை. சுமார் 1068இல் வீரராஜேந்திரன் மறுபடி கடாரத்தை வென்றதாகச் சொல்லி, தன் காலில் விழுந்த அரசனிடமே திருப்பிக் கொடுத்தான். 1090இல் கடாரத்துத் தூதர்கள் குலோத்துங்கன் அரண்மனைக்கு வந்து அதே நாகப்பட்டினத்து விகாரத்துக்கு வரிவிலக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். பழைய கதவைப் பற்றி யாரும் பேச்செடுத்ததாகத் தெரியவில்லை. ஆண்ட பரம்பரை என்று தம்பி முதுகில் எழுதியிருப்பதைக் கல்வெட்டுப்படி திருத்தினால் 'வந்து போன பரம்பரை' என்றுதான் வரும்.

மூன்றாம் சனிக்கிழமை தம்பிக்கு இன்னொரு துக்கம் தெரிந்தது. அந்த 13 பெயரில் ஜொகூர் இல்லை. கெடா இருக்கிறது, சுமத்ரா இருக்கிறது, தேன் சொட்டும் நிக்கோபார்கூட இருக்கிறது. நம்மை அடிக்கவே ஆள் வரவில்லையா என்று எங்கள் மேசையில் எல்லாருக்கும் கொஞ்சம் மான நஷ்டம்.

அந்தக் குறையைத் தீர்த்துவைத்தவர் ஒரு ஜொகூர்க்காரர். பெயர் துன் ஸ்ரீ லானாங், ஜொகூரின் பெண்டஹாரா, அதாவது முதலமைச்சர். 1612இல், இப்போது கோத்தா திங்கி இருக்கும் வட்டாரத்தில், ஜொகூர் ஆற்றங்கரையில் உட்கார்ந்து 'செஜாரா மெலாயு' என்ற மலாய் வரலாற்று நூலைத் தொகுத்தவர் அவர் என்பது மரபு. அவர் குலம் கெலிங் தேசத்திலிருந்து கப்பலேறி வந்த மணி புரிந்தன் என்பவரின் வழி என்று அந்த நூலே சொல்கிறது. "பார்த்தீங்களா, புக்கு எழுதினது எங்க ஆளு" என்று பாய் அன்று எல்லார் கணக்கிலும் ஒரு தே தாரிக் தள்ளுபடி செய்தார். அந்த நூலில் நம் நாட்டுக்குப் பெயர் 'பெனுவா கெலிங்'. அங்கே அது பேரரசன் வந்த தேசம்; இன்று அந்தச் சொல்லைத் தெருவில் சொன்னால் அடிதடி.

அதில் வருகிறார் ராஜா சூலான். பிரதிக்குப் பிரதி சூலான், சூரான் என்று பெயர் மாறும். தாத்தா செய்ததைப் பேரன் செய்வார், பேரன் செய்ததைத் தாத்தா செய்வார். நாம் 'ராஜா சோழன்' என்றே வைத்துக்கொள்வோம். பேராக் ஆற்றுப் பக்கம் கங்கா நெகாராவை அடித்து, அரசனைக் கொன்று, அவன் தங்கையைக் கட்டிக்கொள்கிறார். அடுத்து நேரே நம் ஜொகூர் ஆறு! மேலாற்றில் கருங்கல் கோட்டை கட்டி ஆளும் லெங்குய் அரசன் ராஜா சூலின். அவனையும் கொன்று, மகள் ஓனாங் கியுவை மணக்கிறார். கல்வெட்டுச் சோழன் ஜெயித்த ஊரில் கதவு எடுக்கிறார். கதைச் சோழன் பெண் எடுக்கிறார்.

ஜொகூரை முடித்த கையோடு சீனாவைப் பிடிக்கலாம் என்று படை தெமாசெக்கில், இன்றைய சிங்கப்பூரில், இறங்குகிறது. சீனப் பேரரசருக்கு வயிற்றைக் கலக்குகிறது. மந்திரி ஒருவர் செலவில்லாத யோசனை சொல்கிறார். ஒரு கப்பலில் பல்லுப்போன கிழவர்களாகப் பொறுக்கி ஏற்றுகிறார்கள். காய்த்துக் குலுங்கும் இலந்தை மரங்களை நட்டுவைக்கிறார்கள். துருப்பிடித்த தையல் ஊசிகளைக் கொட்டிவைக்கிறார்கள். கப்பல் தெமாசெக்கில் வந்து நிற்கிறது.

"சீனா எவ்வளவு தூரம்?" என்று விசாரிக்கிறார்கள் சோழன் ஆட்கள்.

கிழவர்கள் பொக்கை வாயால் சொல்கிறார்கள்: புறப்படும்போது நாங்கள் சின்னப் பையன்கள். இந்த மரம் நாங்கள் போட்ட விதை. இந்த ஊசிகள் அன்று கை பருமன் இரும்புக் கம்பிகள். வழியில் துருப்பிடித்துத் தேய்ந்துவிட்டன.

ராஜா சோழன் கணக்குப் போட்டுப் பார்த்தார். கட்டுப்படியாகவில்லை. "திருப்புங்கடா கப்பலை."

ஒரு பெரும்படையை அரைக் கூடை ஊசியால் திருப்பியனுப்பிய கதை உலக ராணுவப் பாடத்தில் இடம்பெறாதது அநியாயம். ஆனால் தூதர்கள் நிஜமாகவே 1,150 நாள் எடுத்துக்கொண்ட கணக்கை நினைத்தால், அந்தக் கிழவர்கள் சொன்னது பொய் என்பதைவிட, கொஞ்சம் கூட்டிச் சொன்ன உண்மை என்றே படுகிறது.

திரும்பிப் போனவர் சும்மா இருந்தாரா? நிலம் பார்த்தாயிற்று, கடலுக்கடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசை வருகிறது. உள்ளிருந்து பூட்டும் கண்ணாடிப் பெட்டி செய்து, பொற்சங்கிலி கட்டி, அதில் உட்கார்ந்து இறங்குகிறார். கீழேயும் ஒரு ராஜ்யம், ஓர் அரசன், கட்டிக்கொடுக்கத் தயாராக ஒரு மகள், மஹ்தாபுல் பஹ்ரி. மூன்று வருஷம், மூன்று பிள்ளைகள். பிறகு அண்ணாச்சிக்கு ஊர் ஞாபகம் வந்து, கடற்குதிரைமேல் ஏறிக் கரைக்கு வந்துவிடுகிறார். ஜொகூர் பாருவில் சுவரெல்லாம் கண்ணாடித் துண்டு பதித்த ராஜகாளியம்மன் கோயிலுக்குப் போகும்போதெல்லாம், சோழன் பெட்டிக்குள்ளிருந்து பார்த்த உலகம் இப்படித்தான் ஆயிரம் முகமாகத் தெரிந்திருக்கும் என்று தோன்றும்.

அம்மாவோடு கடலுக்கடியில் விட்டுவந்த அந்தப் பிள்ளைகள்தாம் பிறகு பாலெம்பாங்கின் புக்கிட் சிகுந்தாங் குன்றில் வந்து இறங்குகிறார்கள். அவர்கள் வழியில் சிங்கப்பூர் அரசர்கள், அவர்கள் வழியில் மலாக்கா சுல்தான்கள், 1528இல் மலாக்கா வழியில் ஜொகூர் அரசு. அதாவது, அடித்தவனையே தாத்தாவாக்கிக் குடும்ப மரத்தின் உச்சியில் ஏற்றிவிட்டார் பெண்டஹாரா. அடி வாங்கியவர்கள் எழுதிய இதைவிடக் கெட்டிக்கார வரலாற்றை நான் படித்ததில்லை. கோர்ட்டுக்குப் போகவில்லை, நஷ்ட ஈடு கேட்கவில்லை; கடாரம் கொண்டானை வீட்டு மாப்பிள்ளை ஆக்கிவிட்டார்கள். மாப்பிள்ளை கதவைக் கழற்றினால் திருட்டா என்ன, சீர்தானே.

எழுதியவர் கதை அவ்வளவு சுகமாக முடியவில்லை. 1613இல் அச்சே சுல்தான் இஸ்கந்தர் மூடா ஜொகூர்மேல் படையெடுத்து, தலைநகரைச் சூறையாடி, துன் ஸ்ரீ லானாங்கையும் கூட்டிக்கொண்டு போனார். மற்றவர்கள் வாசலை எடுத்துப் போவார்கள். இவர்கள் நூல் எழுதியவரையே எடுத்துப் போனார்கள். அதற்கு முன் 1587இல் போர்த்துகீசியர் ஜொகூர் லாமாவை இடித்தார்கள். பின்னால் 1673இல் ஜம்பிக்காரர்கள் பத்து சாவாரை எரித்தார்கள். அச்சேயிலும் லிஸ்பனிலும் ஜம்பியிலும் அன்று கடையில் உட்கார்ந்துகொண்டு 'நம்ம ஆளு கப்பல் எடுத்தா' என்று எவனாவது பேசியிருப்பான். அவன் பேச்சில் நாம்தான் அந்த 13 ஊர்.

லெங்குய்க் கோட்டை என்ன ஆனது? 2005இல் ஜொகூர்க் காட்டில், லிங்கியு நீர்த்தேக்கப் பக்கம், தொலைந்த நகரம் கண்டுபிடிக்கப்பட்டதாகப் பத்திரிகைகளில் பெரிய செய்தி. அடுத்த ஆண்டே அரசு தரப்பில், தேடினோம், அப்படி ஒன்று இல்லை என்றார்கள். அந்த நீர்த்தேக்கம் ஜொகூர் ஆற்றுக்கு நீர் விடுவது. அந்த ஆற்றிலிருந்து 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் ஆயிரம் கேலன் மூன்று காசுக்கு 2061 வரை எடுத்துக்கொள்ளலாம். கப்பல் இல்லை, யானை இல்லை, மெய்க்கீர்த்தி இல்லை. நாளுக்கு 25 கோடி கேலன். ராஜேந்திரன் பார்த்திருந்தால் கடற்படையைக் கலைத்துவிட்டு ஒரு வக்கீலை வேலைக்கு வைத்திருப்பான்.

"அப்ப என்னதான் தீர்ப்பு?" என்றான் தம்பி. அவன் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் என் தாத்தாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினேன்.

தாத்தாவும் நாகப்பட்டினத்தில்தான் கப்பல் ஏறினார். 1930களில், ராஜுலா கப்பலின் மேல்தளத்தில், கங்காணி கொடுத்த சீட்டோடு. அதே வங்கக்கடல், அதே வழி. இறங்கியது பினாங்கில், பழைய கடாரத்துக்குப் பக்கத்திலேயே. வந்த உடனே ஜெரெஜாக் தீவில் தனிமைப்படுத்தி அம்மை ஊசி போட்டார்கள். கடல் தாண்டி வந்த சோழ நாட்டான் ஒருவனைக் கரையிலேயே ஊசி காட்டி நிறுத்தியது அது இரண்டாம் முறை. பிறகு ரயிலில் ஜொகூர், ரெங்கம் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம், லயத்தில் ஒரு வீடு. 1025இல் துடுப்புப் போட்டவனுக்கும் என் தாத்தாவுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கலாம். ராஜேந்திரனுக்கும் அவருக்கும் இருக்க வழியில்லை. துடுப்புப் போட்டவனுக்குக் கதவில் பங்கு கிடைத்ததாக எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. பங்கு கிடைத்திருந்தால் அவன் வம்சம் 900 வருஷம் கழித்து அதே கடலில் மேல்தளச் சீட்டில் வந்திருக்காது.

தொண்ணூறுகளில் தோட்டத்தை வீடு கட்டும் கம்பெனிக்கு விற்றார்கள். லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். லோரி வந்து நின்றபோது தாத்தாவைக் காணோம். பின்கட்டில் சுத்தியலும் திருப்புளியும் வைத்துக்கொண்டு, சமையலறைக் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தார். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "புது வீட்ல கதவு இருக்குப்பா!" தாத்தா காதில் வாங்கவில்லை. லோரியில் கட்டில், அண்டா, சாமி படம், அதற்கு மேல் கதவு. இரண்டு மாதம் கழித்து நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது: கதவு ஒன்று குறைகிறது, அதன் விலை கணக்கில் பிடித்துக்கொள்ளப்படும். எல்லா வீட்டையும் இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகு எழுதிய கடிதம்.

"அது மட்டும் நியாயமா அண்ணே?" என்றான் தம்பி, சிரித்துக்கொண்டே. "நிர்வாகச் சொத்துதானே?"

நல்ல கேள்வி. அவனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கதவு எங்கள் அடுக்களையில் இருக்கிறது. லயத்து அளவுக்குச் செய்தது, ஒரு சாண் குட்டை. குனிந்துதான் போக வேண்டும். அதன் உள்பக்கம் பால்வெட்டுக் கத்தியால் கீறிய கோடுகள். கீழிருந்து மேலே ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையின் உயரம்: பெரியப்பா, அத்தை, அப்பா. நடுவில் இரண்டாம் கோட்டோடு நின்றுபோன ஒரு சித்தப்பா, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் வருவதற்குள் காய்ச்சலில் போனவர்.

தம்பி கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏன் எடுத்தார் என்று அவன் கேட்கவில்லை.

பிறகு நிமிர்ந்து வெளியே வந்தவன், கதவு நிலையில் மண்டையை நன்றாக இடித்துக்கொண்டான்.